தார் பூசின செசி

பழைய லாண்ட் றோவர் ஒண்டை வாங்கித் திருத்தி ஓட வேணும் எண்டு ஆசைப்படுற தம்பிமாருக்காக இதை எழுதுறன். என்னை ஏமாத்தின கராஜின்ரை பேர் எழுதமாட்டன், விசயம் இணக்க சபையிலை நிக்குது. ஏ9 றோட்டோரம் எண்டதோடை விடுறன். வன்னியிலை ஏ9 எவ்வளவு நீளம் எண்டு உங்களுக்குத் தெரியும்.

என்ரை வண்டி லாண்ட் றோவர் சீரிஸ் 3, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையிலை 88 இஞ்சி, டீசல். 1971 தொடக்கம் 1985 வரைக்கும் வந்த மொடல். அப்பா திணைக்களத்திலை சாரதியா இருந்தவர், சின்னனிலை அவரோடை அதே மாதிரி வண்டியிலை குளக்கட்டுகளிலை திரிஞ்சிருக்கிறன். ஆசை அங்கை தொடங்கினது. 2020 மார்ச்சிலை வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு பழசுகளின்ரை விலை எங்கை போய் நிண்டது எண்டு எல்லாருக்கும் தெரியும். 2023இலை 18 லட்சம் சொன்ன வண்டியை 16க்கு இறக்கி எடுத்தன். 2 லட்சம் வெண்டுபோட்டன் எண்ட புழுகத்திலை வீட்டை வந்தனான்.

பாக்கப் போகேக்கை பொக்கற்றுக்குள்ளை பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்டு கொண்டுபோனன். பட்டி பூசி மறைச்ச இடத்திலை காந்தம் ஒட்டாது எண்டு ஆரோ சொல்லித்தந்த வித்தை. கதவிலை வைச்சன், விழுந்தது. மட்காட்டிலை வைச்சன், விழுந்தது. பொனற்றிலையும் விழுந்தது. முழு வண்டியுமே பட்டியோ எண்டு நான் முழிக்க, வித்தவர் சிரிச்சார்.

"தம்பி, இது அலுமினியமடா. லாண்ட் றோவர் பொடி துருப்பிடிக்காது."

அது உண்மை. இரண்டாம் உலக யுத்தம் முடிஞ்ச கையோடை இங்கிலாந்திலை இரும்புக்குத் தட்டுப்பாடு, அதாலை 1948இலை வந்த முதல் லாண்ட் றோவரின்ரை பொடியையே அலுமினியக் கலவையிலைதான் அடிச்சவங்கள். ஆனா அடியிலை கிடந்து முழு வண்டியையும் தாங்கிற சட்டம், அதுதான் செசி, அது இரும்பு. எஞ்சினுக்கும் எங்கடை காலுக்கும் இடையிலை நிக்கிற மறைப்பும் இரும்பு. குனிஞ்சு கீழை ஒரு இடத்திலை எண்டாலும் அந்தக் காந்தத்தை நான் வைச்சுப் பாக்கேல்லை. வைச்சிருந்தாலும் செசி முழுக்கத் தடிப்பாத் தார், புதுசா, மினுமினுப்பா. "பாதுகாப்புக்குப் பூசினது" எண்டார். நானும் நல்ல மனிசன் எண்டு நினைச்சன்.

பிறகுதான் கராஜ். கராஜ்காரர் கதையிலை விண்ணர். "தடைக்காலத்திலை மண்ணெண்ணெயிலை கார் ஓட்டின ஆக்கள் நாங்கள், இது ஒரு வேலையோ?" எண்டார். அதிலையும் பொய்யில்லை. யுத்தத்திலை பெற்றோல் வரத் தடை இருந்த காலத்திலை கார்புரேற்றருக்குள்ளை கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயிலை ஓடின கார்களை நானே கண்டனான், அந்தப் புகை மணம் இப்பவும் மூக்கிலை நிக்குது. அப்பிடிச் சமாளிச்ச மெக்கானிக்மாரை இண்டைக்கும் கையெடுத்துக் கும்பிடுவன். இந்தாள் வித்தது அந்த மரியாதையை. எனக்கு வேண்டினது சமாளிப்பு இல்லை, வண்டியைக் கழட்டித் துப்பரவாச் செய்யிற வேலை. அதை வாய் திறந்து கேக்கிற அறிவு எனக்கு அண்டைக்கு இருக்கேல்லை.

முதல் மாதம் பெயின்ற். அடுத்தது சீற். பிறகு அகல ரயர் நாலு, முன்னுக்கு லைற் வரிசை. ஒவ்வொரு சனிக்கிழமையும் போனா ஏதாவது ஒண்டு புதுசா மினுங்கும், நானும் சந்தோசத்திலை காசை எண்ணிக் குடுப்பன். குடுத்த கணக்கை அவர் சிகரெட் பெட்டி மட்டையின்ரை பின்பக்கத்திலை எழுதிப் பொக்கற்றுக்குள்ளை வைப்பார். பில் கேட்டா, "எங்களுக்குள்ளை என்ன தம்பி பில்?" கண்ணுக்குத் தெரியிற வேலை முடிஞ்சுதெண்டா தெரியாத வேலையை ஆரும் கேக்கமாட்டினம். பிறேக் லைன் பழசு, ஸ்பிறிங் புஷ் பழசு, வயறிங் எலி கடிச்சது. அதொண்டிலையும் கை வைக்கேல்லை.

பெரிய வெட்டு எஞ்சினிலை. பழைய 2.25 லீற்றர் டீசல் 60 சொச்சம் குதிரை வலுதான், மாட்டுவண்டி முந்திப்போகும் எண்டு பகிடி பண்ணி, ஜப்பான் எஞ்சின் ஒண்டு போடச் சொன்னார். 6 லட்சம். பழைய எஞ்சினுக்கு 40 ஆயிரம் கழிச்சுவிட்டார். எஞ்சின் மாத்திறது தப்பெண்டு சொல்லேல்லை, எத்தினையோ பேர் நல்லாச் செய்து ஓடுகினம். ஆனா அந்தக் கியர் பெட்டியும் பின் அக்சில் சாவ்ட்டும் அந்தப் பழைய எஞ்சினின்ரை இழுவைக்கு அளந்து செய்தது, கூடின இழுவை குடுத்தா எங்கையோ ஒரு இடத்திலை முறியும். எஞ்சினையும் கியர் பெட்டியையும் பொருத்த லேத்திலை கடையிற தட்டு மயிரளவு விலகினாலும் கிளச்சும் பெயாரிங்கும் தேயும். எனக்கு நாலாம் மாதமே கிளச் போச்சு. எஞ்சின் மாத்தினா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலை பதிஞ்சு புத்தகத்திலை நம்பரை மாத்த வேணும். "அதெல்லாம் பிறகு பாப்பம்" எண்டார். புத்தகத்திலை ஒரு நம்பர், பொனற்றுக்குக் கீழை வேறை நம்பர். அந்த வண்டியோடை நான் பொலிஸ் மறிக்கிற ஒவ்வொரு இடத்திலையும் நெஞ்சிடிச்சுக்கொண்டு திரிஞ்சன்.

2024 மாரி. முத்தையன்கட்டுப் பக்கம் வாய்க்கால் கரையாலை போகேக்கை பின் சில்லு ரண்டும் களியிலை புதைஞ்சிட்டுது. பயமே வரேல்லை, உள்ளுக்கை சந்தோசம் எண்டே சொல்லலாம். இதுக்குத்தானே வண்டி வாங்கினது! சீரிஸிலை நாலு சில்லும் இழுக்க வைக்க ஒரு மஞ்சள் குமிழ் இருக்கு, கீழை அமத்த வேணும். அமத்தினன். "டக்" எண்டு இறங்கிச்சுது. அக்சிலறேற்றரை மிதிச்சா பின் சில்லு சுத்திச் சேறடிக்குது, முன் சில்லு கோயில் தேர் மாதிரி அசையாமல் நிக்குது. மெதுவாக் கூடின இழுவையோடை ஓட வைக்கிற சிவப்புத் தடியையும் இழுத்துப் பாத்தன். அதே கதை. அரைமணித்தியாலத்துக்குப் பிறகு வயலுக்காலை ரக்டரோடை வந்த ஐயா சங்கிலி கொழுவக் குனிஞ்சவர், ரோச் அடிச்சுப் பாத்திட்டுக் கேட்டார்:

"தம்பி, முன் புரொப்பலர் சாவ்ட் எங்கை?"

இல்லை. எஞ்சின்ரை இழுவையை முன் சில்லுக்குக் கொண்டுபோற தண்டு அது. அந்த இடம் வெறும் வெளி. குமிழும் தடியும் ஒண்டையும் சுத்தாமல் ஏறி இறங்கினபடி. அங்கை நிண்டே கராஜுக்கு எடுத்தன்.

"அது தம்பி, புது எஞ்சின்ரை அடியிலை இருக்கிற ஒயில் தட்டிலை, சம்ப்பிலை, முட்டினது. சத்தம் வரும் எண்டு கழட்டி வைச்சிருக்கு. வன்னியிலை எங்கை மலை? உமக்கு எதுக்கு ஃபோர் வீல்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது. 6 லட்சம் குடுத்து நாலு சில்லு இழுத்த வண்டியை ரண்டு சில்லு இழுக்கிறதா 'முன்னேத்தி' இருக்கிறன்.

பிறகு புதுக்குடியிருப்பிலை வயசான மெக்கானிக் ஒருத்தரிட்டைக் கொண்டுபோனன். அவர் பொனற்றைத் திறக்கவே இல்லை. சின்னச் சுத்தியல் ஒண்டை எடுத்துக்கொண்டு கீழை படுத்தார். முன்னுக்கிருந்து பின்னுக்குத் தட்டிக்கொண்டு போனார். டங், டங், டங். பின் ஸ்பிறிங் பிடிக்கிற இடத்துக்குக் கிட்ட, டொப். திருப்பித் தட்டினார், டொப். ஸ்குரூ றைவரை வைச்சு உள்ளங்கையாலை ஒரு குத்து, பிடி வரைக்கும் உள்ளை போச்சு. இழுத்து எடுக்கத் தார், பட்டி, அதுக்குக் கீழை மெல்லிய தகரம், அதுக்குப் பின்னாலை ஈரமான செம்மண் கொட்டிச்சுது. செசி பெட்டி மாதிரிக் குழல், எத்தினையோ வருசமா உள்ளுக்கை போன சேறு வெளியிலை வரேல்லை. உக்கின இரும்பை வெட்டி எடுக்காமல் அதுக்கு மேலை தகரத்தை வைச்சு நாலு மூலையிலை ஒட்டி, பட்டி தேச்சு, தார் பூசினது. பின் குறுக்குச் சட்டமும் அப்பிடித்தான். முன் வலப்பக்கத்திலை, ஸ்பிறிங் பிடிக்கிற கொம்பிலை அடிச்சிருக்கிற செசி நம்பரைச் சுரண்டிப் பாத்தம், புத்தகத்தோடை ஒத்துப்போச்சு. அண்டைக்குக் கிடைச்ச ஒரே நல்ல செய்தி.

ஆசைப்படுற ஆக்களுக்கு நான் கெஞ்சிக் கேக்கிறது: வாங்க முதல் சுத்தியலோடை போங்கோ. தட்ட விடமாட்டன் எண்டா திரும்பி வாங்கோ. புதுசாத் தார் பூசியிருந்தா, காசு பேச முதல் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கோ. கால் மிதிக்கிற இடத்திலை பாயைத் தூக்கிப் பாருங்கோ. திருத்தக் குடுத்தா செசி, பிறேக், ஸ்ரெயறிங் முடியுமட்டும் பெயின்ற் பேச்சை எடுக்கவே விடாதேங்கோ. கழட்டின ஒவ்வொரு சாமானும் உங்கடை, வீட்டை கொண்டுவாங்கோ. கராஜ்காரர் முகம் சுழிப்பார், சுழிக்கட்டும்.

பில் இல்லாமல் ஒரு ரூபாயும் குடுக்காதேங்கோ. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாட்டை 3 மாதத்துக்குள்ளை எழுத்திலை குடுக்க வேணும், விசாரிக்கிறதெண்டா 1977க்கு எடுக்கலாம். நான் போகேக்கை எட்டாம் மாதம். கையிலை இருந்தது வட்ஸ்அப்பிலை அனுப்பின பெயின்ற் அடிச்ச படங்கள் மட்டும். இணக்க சபையிலை அவர் சிகரெட் மட்டையைக் கொண்டுவரேல்லை, அப்பிடி ஒண்டு இருக்கேல்லை எண்டும் சொன்னார்.

இப்ப வண்டி வீட்டு மாமரத்துக்குக் கீழை, பொடி ஒரு பக்கம், செசி ஒரு பக்கம். புதுக்குடியிருப்பு ஐயா உக்கினதை வெட்டிக் கனத் தகரத்திலை புதுசா ஒட்டித் தாறன் எண்டிருக்கிறார், தை பிறக்கட்டாம். பழைய எஞ்சினைத்தான் திருப்பிப் போடப்போறன். கராஜ்காரர் அதை ஆருக்கோ தண்ணி இறைக்க வித்ததாக் கேள்வி. உங்கடை பக்கம் தோட்டத்திலை லாண்ட் றோவர் எஞ்சின் ஒண்டு பம்பிலை ஓடுதெண்டா நம்பரைப் பாத்துச் சொல்லுங்கோ, புத்தகம் என்னட்டை இருக்கு.