வீட்டுக் கேமராப் பதிவுக்கு ஃபிரிகேட்: ஒரு மதிப்பீடு

சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாசலைக் காட்டும் காணொளி வெளியார் சர்வரில் தங்க வேண்டிய தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. அதனால்தான், சொந்தக் கணினியிலேயே இயங்கும் ஃபிரிகேட் என்ற திறமூல மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். இதே வேலையைச் செய்யும் புளூ ஐரிஸும் நல்ல மென்பொருள்தான். ஆனால் அது கட்டண மென்பொருள், விண்டோஸில் மட்டுமே இயங்குகிறது.

ஃபிரிகேட்டின் பெரும்பலம் அதன் அடையாளங்காணும் திறன். கேமராவின் குறைந்த தெளிவுள்ள காணொளி ஓடையில் (ஸ்ட்ரீம்) மனிதர், வாகனம், விலங்கு ஆகியவற்றைத் தேடிக்கொண்டே, முழுத் தெளிவுள்ள ஓடையை மறுகுறியாக்கம் செய்யாமல் (வேறு வடிவுக்கு மாற்றாமல்) நேரே வட்டில் எழுதுவதால், இன்டெல் சில்லுள்ள சிறு கணினியே வீட்டுத் தேவைக்குப் போதுமானதாக இருக்கிறது. வட்டின் அளவைத்தான் முன்கூட்டியே கணக்கிட வேண்டும்: நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பும் ஒரு கேமரா, இடைவிடாது பதிந்தால், நாளொன்றுக்குச் சுமார் 43 ஜிகாபைட்டை நிரப்பிவிடும்.

நிறுவுவது எளிதன்று, மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டகங்களாக இயக்கும் டாக்கர் என்ற கருவியில் பழக்கம் வேண்டும்.

நம் ஊர்ப் பொது நடைபாதையைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அண்டைவீட்டார் கதவையோ சன்னலையோ கேமரா நோக்கக் கூடாது. ஃபிரிகேட்டில் ஒரு பகுதிக்கு அமைக்கும் அசைவு மறைப்பு, அப்பகுதியின் அசைவைக் கண்டுகொள்ளாமல் விடுமே தவிர, பதிவில் அதை மறைக்காது. அதற்குக் கேமராவிலேயே தனியுரிமை மறைப்பை அமைக்க வேண்டும். ஃபிரிகேட்டின் கடவுச்சொல் கேட்காத 5000ஆம் போர்ட்டையும் (வலையமைப்பு வாயில்) இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.