நோ மோர் ரான்சம் தளம்: எதைத் திறக்கும், எதைச் சொல்லாது

கோப்புகள் திறக்கவில்லை, பெயருக்குப் பின்னால் புதிதாக ஒரு வால் (எக்ஸ்டென்ஷன்) ஒட்டியிருக்கிறது, ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்கும் குறிப்பு கிடக்கிறது. இந்த நிலையில் யாருக்கும் ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய சேவை நோ மோர் ரான்சம். நெதர்லாந்து காவல்துறை, ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல், கணினிப் பாதுகாப்பு நிறுவனங்களான காஸ்பர்ஸ்கி, இன்டெல் செக்யூரிட்டி ஆகிய நான்கும் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கிய இலவசத் தளம் இது. ஆறாம் ஆண்டு நிறைவின்போது கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் 165 வகை ரான்சம்வேர்களுக்கு 136 டிக்ரிப்டர்கள், அதாவது பூட்டைத் திறக்கும் கருவிகள், இருப்பதாக யூரோபோல் அறிவித்தது. இலவசம் என்பதால் தரம் குறைவு என்று நினைக்க வேண்டாம். பிட்டிஃபெண்டர், எம்சிசாஃப்ட், அவாஸ்ட் போன்ற நிறுவனங்கள் எழுதிய கருவிகள்தான் இங்கே ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன.

தளத்தின் வாசல் 'கிரிப்டோ ஷெரிஃப்' என்ற பக்கம். பூட்டப்பட்ட கோப்புகள் இரண்டு, மிரட்டல் குறிப்பு, அதில் உள்ள மின்னஞ்சல் அல்லது பிட்காயின் முகவரி ஆகியவற்றைக் கொடுத்தால், எந்தக் குடும்பத்து ரான்சம்வேர் என்று சொல்லி, டிக்ரிப்டர் இருந்தால் இணைப்பும் தரும். கோப்பு 1 எம்பிக்குள் இருக்க வேண்டும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: சம்பளப் பட்டியலையோ நோயாளி விவரத்தையோ ஏற்றிவிடுகிறார்கள். விண்டோஸோடு வந்த வால்பேப்பர், மென்பொருளின் உதவிக் கோப்பு போன்ற ரகசியம் இல்லாதவற்றைத் தேடி எடுங்கள். குறிப்பில் உள்ள முகவரியைத் தட்டச்சு செய்யாமல் நகலெடுத்து ஒட்டுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பொருந்தாது.

கண்டுபிடிக்கும் திறனில் மட்டும் பார்த்தால், மைக்கேல் கில்லெஸ்பி உருவாக்கிய 'ஐடி ரான்சம்வேர்' தளத்துக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளை அது அடையாளம் காணும். இரண்டிலும் போட்டுப் பாருங்கள். விடைகள் வேறுபட்டால், கோப்பின் வாலை மட்டும் வைத்து ஒரு தளம் ஊகித்திருக்க வாய்ப்புண்டு. ஒரே வாலைப் பல குடும்பங்கள் பயன்படுத்துவதால், மிரட்டல் குறிப்பின் வாசகமே வலுவான சான்று.

வீட்டுக் கணினிகளையும் சிறிய கடைகளின் கணினிகளையும் அதிகம் தாக்கியது ஸ்டாப் டிஜேவு என்ற ரான்சம்வேர். திருட்டு மென்பொருள், உரிமம் இல்லாமல் மென்பொருளை ஓட்ட உதவும் கிராக், கீஜென் வழியாக வரும். குறிப்பில் 980 டாலர் கேட்டு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி என்று சொல்லும். இதற்கான எம்சிசாஃப்ட் டிக்ரிப்டர் 2019 அக்டோபரில் வந்தது. அது வேலை செய்யுமா என்பது ஒரே ஒரு விஷயத்தில் தங்கியிருக்கிறது. சி டிரைவில் 'சிஸ்டம்ஐடி' என்ற ஃபோல்டரில் உங்கள் தனி எண் இருக்கும். அது 'டி1' என்று முடிந்தால், தாக்கும் நேரத்தில் வைரஸால் தன் சர்வரைத் தொட முடியவில்லை, எல்லோருக்கும் பொதுவான ஆஃப்லைன் சாவியால் பூட்டியிருக்கிறது என்று பொருள். அந்தச் சாவி ஆய்வாளர்கள் கைக்கு வந்துவிட்டால் உங்கள் கோப்பும் திறக்கும். வேறு மாதிரி முடிந்தால் உங்களுக்கென்றே உருவாக்கிய ஆன்லைன் சாவி. புதிய வகைகளில் அதற்கு இன்று வழி இல்லை. அந்த ஃபோல்டரில் இரண்டு எண்கள் இருந்தால் சில கோப்புகள் மட்டும் திறக்கும். அதைக் கருவியின் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

2019 ஆகஸ்டுக்கு முந்தைய டிஜேவு வகைகளுக்கு வேறு வழி: பூட்டிய கோப்பும் அதன் அசலும் ஜோடியாக வேண்டும், 150 கேபிக்கு மேல் இருக்க வேண்டும், ஒவ்வொரு கோப்பு வகைக்கும் தனி ஜோடி வேண்டும். டிஜேவு கோப்பின் முதல் 150 கேபியைத்தான் பூட்டுகிறது என்பதே இதற்குக் காரணம். அசலைத் தேடும்போது வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை எடுக்காதீர்கள். அது மறுபடி சுருக்கப்பட்டது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் பைட்டுகள் வேறு. அனுப்பிய மின்னஞ்சலின் இணைப்பு, கேமராவின் மெமரி கார்டு, பழைய பென் டிரைவ் ஆகியவையே நம்பகமான இடங்கள்.

அகிரா என்ற இன்னொரு ரான்சம்வேருக்காக அவாஸ்ட் 2023 ஜூனில் வெளியிட்ட கருவிக்கும் ஜோடிக் கோப்பு தேவை. கையில் கிடைப்பவற்றில் மிகப் பெரிய ஜோடியைக் கொடுங்கள்; எவ்வளவு பெரிய கோப்புவரை திறக்க முடியும் என்பதை ஜோடியின் அளவே தீர்மானிக்கிறது, ஒரு பைட் வித்தியாசம்கூட அந்த எல்லையை வெகுவாக மாற்றிவிடும். சாவி தேட நிறைய நினைவகம் வேண்டியிருப்பதால் 64 பிட் பதிப்பையே எடுங்கள். ஆனால் அந்தக் கருவி வந்த பிறகு அகிரா கும்பல் தன் பூட்டுமுறையை மாற்றிக்கொண்டது. பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதால் உங்கள் கோப்பு திறந்துவிடாது. தளத்தின் மிகப் பெரிய குறையாக நான் கருதுவது இதுதான்: எந்தத் தேதிவரை, எந்தப் பதிப்புவரை வேலை செய்யும் என்பது முதல் பார்வையில் கண்ணில் படாது, ஒவ்வொரு கருவியின் வழிகாட்டி ஆவணத்தையும் திறந்து படித்தால்தான் தெரியும். ஏற்கெனவே பதறிப்போயிருப்பவரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கருவியை ஓட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். டிஸ்கை முழுதாகப் படியெடுத்து, டிக்ரிப்டரை அந்தப் படியின் மேல் மட்டும் ஓட்டுங்கள். டிஜேவு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தன்னை மறுபடி ஓட்டும் ஷெட்யூல்ட் டாஸ்க் ஒன்றை வைத்துவிட்டுப் போகும். அதை நீக்காமல் பேக்கப் டிஸ்கைச் செருகினால் அதுவும் போய்விடும். பூட்டிய பிரதியை அழிக்காமல் திறப்பது நல்லது, அதற்கு ஏறக்குறைய இரட்டிப்பு இடம் வேண்டும்: 400 ஜிபி தரவுக்கு இன்னொரு 400 ஜிபி. தேடுபொறியில் கிடைக்கும் வேறு 'டிஜேவு டிக்ரிப்டர்' எதையும் தொடாதீர்கள். 2020இல் அப்படிப் பரவிய ஒன்று உண்மையில் ஜோரப் என்ற இன்னொரு ரான்சம்வேர். ஏற்கெனவே பூட்டியதன் மேல் இரண்டாவது பூட்டைப் போட்டது.

நிறுவனங்களுக்கு இந்தத் தளம் தரும் விடை பாதிதான், ஏனென்றால் அது சொல்வது பூட்டின் பெயரை, பூட்டியவரின் பெயரை அல்ல. லாக்பிட் கும்பலின் லாக்பிட் 3.0 ரான்சம்வேரைத் தயாரிக்கும் கருவி 2022 செப்டம்பரில் கசிந்த பிறகு, அந்தக் கும்பலோடு தொடர்பே இல்லாதவர்களும் அதே பூட்டைப் பயன்படுத்துகிறார்கள். இருந்தாலும் பெயர் தெரிந்தால் எங்கே தேடுவது என்று தெரியும். ஃபோபோஸ் என்ற ரான்சம்வேர் என்றால், இணையத்துக்குத் திறந்து கிடந்த ரிமோட் டெஸ்க்டாப்பை (தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வசதி) முதலில் சந்தேகியுங்கள். அகிரா என்றால் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் வழி) கணக்கு. டிஜேவு என்றால் கூடவே விடார், அசோரல்ட் போன்ற கடவுச்சொல் திருடிகள் வந்திருக்கக்கூடும். கோப்பு திறந்துவிட்டதே என்று வங்கிக் கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவது பெரிய தவறு.

பாதிப்பை அளக்க, கணினியில் நடந்ததை விண்டோஸ் எண் போட்டுக் குறித்து வைக்கும் பதிவுகளுக்குத்தான் (லாக்) போக வேண்டும், அதுவும் உடனே. செக்யூரிட்டி பதிவின் இயல்பான அளவு 20 எம்பி மட்டுமே. கடவுச்சொல்லை ஆயிரக்கணக்கில் முயன்று பார்க்கும் தாக்குதலில் 4625 என்ற உள்நுழைவுத் தோல்விப் பதிவுகள் குவிந்து, பழையவற்றின் மேல் எழுதிவிடும். எனவே முதலில் பதிவுகளை வெளியே நகலெடுங்கள். 4625 வரிசைக்குப் பின் அதே முகவரியிலிருந்து வெற்றிகரமான உள்நுழைவைக் குறிக்கும் ஒரு 4624 இருந்தால் அதுவே நுழைந்த நேரம். அதில் உள்நுழைவு வகை 10 என்பது ரிமோட் டெஸ்க்டாப், ஆனால் திரை திறக்கும் முன்பே கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முன்சரிபார்ப்பு (என்எல்ஏ) இயங்கினால் அதற்கு முன் வகை 3 வந்திருக்கும். சிஸ்டம் பதிவில் உள்ள 7045 புதிதாக நிறுவிய சர்வீஸைக் காட்டும். தொலைவிலுள்ள கணினியில் கட்டளை ஓட்டும் பிஎஸ்எக்ஸெக் கருவி வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது பெரும்பாலும் இங்கே சிக்கும். 1102 இருந்தால் பதிவையே அழித்திருக்கிறார்கள், அந்த நேரத்துக்கு முந்தையதை ஃபயர்வாலிலும் விபிஎன் பதிவிலும் தேடுங்கள். மிரட்டல் குறிப்புக் கோப்பின் உரிமையாளராக (ஓனர்) எந்தக் கணக்கு பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். சர்வரில் எந்தக் கணக்கைக் கொண்டு பூட்டினார்கள் என்பதற்கு இதைவிட விரைவான தடயம் இல்லை.

தரவு வெளியே போனதா என்பதுதான் மிகக் கடினமான கேள்வி. சிஸ்டம்32க்குள் 'எஸ்ஆர்யூ' ஃபோல்டரில் உள்ள தரவுத்தளம், எந்த நிரல் எத்தனை பைட் அனுப்பியது என்று சில வாரக் கணக்கை வைத்திருக்கும். அங்கே கோப்புகளை கிளவுடுக்கு ஏற்றும் ஆர்குளோன் அல்லது மெகாசிங்க் பெயரில் பெரிய எண்ணிக்கை இருந்தால், பூட்டுவதற்கு முன்பே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எந்த டிக்ரிப்டராலும் அதைத் திரும்பப் பெற முடியாது. மிரட்டல் அந்தத் தரவை வைத்தே தொடரும்.

தளத்தில் குற்றத்தைப் புகார் செய்யும் பக்கமும் உண்டு. அது அந்தந்த நாட்டின் அமைப்புக்கு வழிகாட்டும், அவ்வளவே. இந்தியாவில் 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட ஆணைப்படி, சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

இன்று டிக்ரிப்டர் இல்லை என்ற விடை வந்தால், டிஸ்கை ஃபார்மட் செய்துவிடாதீர்கள். ரெவில் கும்பல் 2021 ஜூலை 13க்கு முன் பூட்டியவற்றுக்கு, அதே ஆண்டு செப்டம்பரில் பிட்டிஃபெண்டர் கருவி வந்தது. 2019 முதல் சுற்றிக்கொண்டிருந்த ஃபோபோஸுக்கு 2025 ஜூலையில் ஜப்பான் காவல்துறை டிக்ரிப்டர் வெளியிட்டது. டிஸ்கோடு மிரட்டல் குறிப்பையும், தனி எண்ணையும், பூட்டிய தேதியையும், அசல்-பூட்டியது ஜோடிகள் இரண்டையும் சேர்த்து எடுத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரிப்டோ ஷெரிஃபில் மறுபடி போட்டுப் பாருங்கள்.