நெட்டிலிங்கத்துக்கு வாங்கிய புண்ணாக்கும் மட்டைத் துண்டும்

காம்பவுண்டு சுவரை ஒட்டி ஆறு நெட்டிலிங்கம் வைத்திருக்கிறேன். வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கிற மரம், போன சித்திரையில் அடிக்கிளை இலையெல்லாம் வெளுத்து மஞ்சளாகிவிட்டது. குற்றவாளி நான்தான். உதிர்ந்த சருகைக் கூட்டிக் கூட்டி எரித்துவிட்டு, மரத்துக்கு வெறும் தண்ணீர் மட்டும் காட்டிக்கொண்டிருந்தேன்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நர்சரியில் வேப்பம் புண்ணாக்கு, தேங்காய் மட்டைத் துண்டு, நார் உரித்தபின் மிஞ்சும் தூளை அழுத்திச் செய்த 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி இரண்டு வாங்கினேன்.

புண்ணாக்கு முதல் தரம். கையில் நசுக்கினால் பிசுபிசுப்பு ஒட்டுகிறது, பூஞ்சை வாடை இல்லை. மரத்துக்கு ஒரு கிலோ. கிளை நிழல் விழும் விளிம்பில் போடு என்பார்கள். நெட்டிலிங்கம் ஒல்லிக்குச்சி, நிழலைப் பார்த்தால் தண்டை ஒட்டியே விழும். அதனால் இரண்டடி தள்ளி வட்டமாகக் கொத்திப் போட்டு மண்ணை மூடினேன். இரண்டு நாள் நாற்றம். பக்கத்து வீட்டு அக்கா, "ஏனுங்க, செக்கு ஏதாச்சும் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டே விட்டார்.

கட்டிதான் ஏமாற்றம். உறையில் 'மக்க வைத்தது' என்று போட்டிருந்தது. ஊற வைத்தால் செங்காவி நிறம், தண்ணீர் டீ மாதிரி இறங்குகிறது. நன்றாக மக்கியது கருத்திருக்கும். மக்காததில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, நூறு பங்குக்கு மேல் கார்பன் உண்டு. மண்ணில் கலந்தால் அதை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் மரத்துக்குரிய தழைச்சத்தையும் பிடுங்கிக்கொள்ளும். கடையில் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதானுங்க" என்றார்கள். சரி என்று சாணிக் கரைசல் ஊற்றி மூலையில் குவித்திருக்கிறேன்.

மட்டைத் துண்டுக்குக் குறை சொல்ல மாட்டேன். மூன்று அங்குலத்துக்குப் பரப்பி, தண்டைச் சுற்றி மட்டும் ஒரு சாண் இடம் விட்டேன். ஈரம் தண்டிலேயே நின்றால் பட்டை அழுகும். வைகாசி வெயிலில் தினம் விட்ட தண்ணீரை இப்போது மூன்று நாளுக்கு ஒருமுறைதான் விடுகிறேன். ஒரு துண்டைப் புரட்டினால் அடியில் மண்புழு எச்சம், கடுகு கடுகாக.

மஞ்சளான இலை பச்சைக்குத் திரும்பவில்லை, உதிர்ந்துதான் போனது. ஆடியில் விட்ட தளிர் செம்பு நிறத்தில் மினுங்குகிறது. சருகும் இப்போது மரத்தடிக்கே போகிறது. ஐப்பசி மழைக்கு முன் புண்ணாக்குக்காக இன்னொரு முறை அந்த நர்சரிக்குப் போவேன். கட்டி அடுக்கியிருக்கும் பக்கம் திரும்பக்கூட மாட்டேன்.