விட்சர் 3 ஓடும், வேலரன்ட் ஓடாது: லினக்ஸ் மின்ட்டில் புரோட்டான்

என்னுடையது ரைசன் 5 1600, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு. விண்டோஸ் 11 இந்தப் பிராசஸரை ஏற்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. நன்றாக ஓடும் மெஷினைத் தூக்கிப்போட மனசு வருமா? விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டேன்.

அதில் விண்டோஸ் கேம் ஓடுவது, ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ் 2018-ல் வெளியிட்ட புரோட்டான் என்ற மென்பொருளால்தான். விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டுவதற்காக 1993-லிருந்து வளரும் வைன் இதன் அடித்தளம். டைரக்ட்எக்ஸ் என்ற விண்டோஸ் கிராபிக்ஸ் மொழியில் கேம் கேட்பதை, புரோட்டானில் இருக்கும் டிஎக்ஸ்விகே, லினக்ஸிலும் புரியும் வல்கன் மொழிக்கு மாற்றிக் கார்டிடம் கொடுக்கும். ஏஎம்டி டிரைவர் மின்ட்டோடே வந்துவிடுவதால், ஸ்டீமைப் போட்டு லாகின் செய்வதோடு வேலை முடிந்தது.

விட்சர் 3-ஐ முதல்முறை திறந்தால் கேம் வராது. வல்கன் ஷேடர் (கார்டு படம் வரையப் பயன்படும் குட்டி புரோகிராம்கள்) தயாராகிறது என்று ஒரு சின்னப் பெட்டி வந்து, சதவீதம் நத்தையாக ஏறும். பக்கத்திலேயே ஸ்கிப் பட்டன். தொடாதீர்கள். அவசரப்பட்டு அழுத்தினால் கேமில் வரும் நோவிகிராட் நகரத் தெருவில் குதிரை திக்கித் திக்கித்தான் ஓடும். டீ போட்டு வாருங்கள். அப்புறம் டைரக்ட்எக்ஸ் 11-ல், மீடியம் செட்டிங்கில், விண்டோஸில் ஆடியதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. விண்டோஸுக்காக ஃபார்மட் செய்த பழைய என்டிஎஃப்எஸ் டிரைவிலிருந்தே ஓட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 டிரைவில் புதிதாக இறக்குவதுதான் நிம்மதி.

ஆன்லைன் போட்டி கேம் என்றால் கதை வேறு. வேலரன்ட்டின் வேன்கார்ட் விண்டோஸ் கெர்னலுக்குள், அதாவது சிஸ்டத்தின் மையத்துக்குள், உட்காரும் ஆன்ட்டி-சீட், ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்கும் மென்பொருள். அதை இங்கே ஓட்ட வழியே இல்லை. பல கேம்கள் பயன்படுத்தும் ஈஸி ஆன்ட்டி-சீட் 2021-லேயே லினக்ஸுக்கு வந்துவிட்டது, ஆனால் கேம் கம்பெனி மனசு வைத்து அனுமதிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ்கூட, ஏமாற்றுக்காரர்களைக் காரணம் காட்டி 2024-ல் லினக்ஸுக்குக் கதவைச் சாத்தியது. என் தம்பி வேலரன்ட் பைத்தியம். அவன் இந்த மெஷின் பக்கமே வருவதில்லை.

ஸ்டீம் கணக்கெடுப்பில் லினக்ஸ் 3 சதவீதத்தைத் தாண்டியதே 2025 அக்டோபரில்தான், அதுவும் லினக்ஸில் ஓடும் வால்வின் கையடக்க கேம் மெஷினான ஸ்டீம் டெக்கையும் சேர்த்து. லினக்ஸ் ஸ்டீம் வந்ததோ 2013-ல். இந்தக் கூட்டத்துக்காக ஆன்ட்டி-சீட்டைத் திருத்த எந்தக் கம்பெனி அவசரப்படும்?

தனியாகக் கதை கேம் ஆடுபவர் என்றால் தாராளமாக மாறலாம். உங்கள் கேமின் பெயரை முதலில் எந்த கேம் எப்படி ஓடுகிறது என்று ஆடுபவர்களே எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் போட்டுப் பாருங்கள். கோல்டு, பிளாட்டினம் என்றால் சரி, போர்க்டு (ஓடாது) என்றால் விண்டோஸை அழிக்காதீர்கள்.