ஏழு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒரு லீக் ஸ்டீரியோ 20

2018 தொடக்கத்தில் குன்னூர் பக்கம் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கோயம்புத்தூரிலிருந்து விடிகாலை பஸ்ஸில் போனேன். போனது இசைத்தட்டுகளுக்காக. தட்டுகளெல்லாம் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. அலமாரியின் அடித்தட்டில், பழைய செய்தித்தாள்களுக்குக் கீழே, செம்பும் பொன்னும் கலந்த நிறத்தில் கனமான ஒரு பெட்டி இருந்தது. தூசியைத் துடைத்தால் ‘லீக் ஸ்டீரியோ 20’, டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடி வால்வுகளில் ஓடும் ஆம்ப்ளிஃபையர். பதினெட்டாயிரம் ரூபாய் சொன்னார்கள். பேரம் பேசக் கூச்சமாக இருந்தது, அப்படியே கொடுத்துவிட்டேன்.

ஹெரால்ட் லீக் 1934-இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம் அது. ஒலிச்சிதைவு 0.1 சதவீதம்தான் என்று சொல்லி 1945-இல் அவர்கள் கொண்டுவந்த ‘பாயின்ட் ஒன்’ ஆம்ப்ளிஃபையர்தான் அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்த 1958-இல் இந்த ஸ்டீரியோ 20 வந்தது. ஸ்பீக்கரை ஓட்ட நான்கு இ.எல். 84, அதற்கு முன் சிக்னலைப் பெரிதாக்க மூன்று இ.சி.சி. 83, மின்சாரத்தை நேர்படுத்த ஒரு ஜி.இசட். 34, ஆக எட்டு வால்வுகள். ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 வாட். “பத்தா? என் போனுக்கு வாங்கின ஸ்பீக்கரே நாற்பதாச்சே” என்று சொல்லாத நண்பர் இல்லை. வந்து உட்கார்ந்து கேட்ட பிறகு யாரும் வாட்டைப் பற்றிப் பேசியதில்லை.

அங்கேயே பிளக்கில் சொருகிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. நல்லவேளை, சொருகவில்லை. பல வருடம் சும்மா கிடந்த வால்வு செட்டுக்கு ஒரேயடியாக முழு மின்சாரத்தைக் கொடுத்தால், உள்ளே காய்ந்து போன எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் வெடிக்கலாம், அதோடு டிரான்ஸ்ஃபார்மரும் போகலாம். கப்பாசிட்டர் இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அந்த டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காது. வாங்குவதற்கு முன் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், பையில் இருந்த மல்டிமீட்டரை எடுத்து வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் இரண்டு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்களின் பிரைமரியையும், அதாவது வால்வுப் பக்கத்துச் சுற்றையும், அளந்ததுதான். இடது பக்கத்து அளவும் வலது பக்கத்து அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. இந்த ஆம்ப்ளிஃபையரின் உயிர் அந்த இரண்டு இரும்புக் கட்டிகளில்தான் இருக்கிறது. வால்வை மாற்றலாம், கம்பியை மாற்றலாம். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருந்தால் எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பழுது பார்த்துக் கொடுத்தவர் எங்கள் ஊரில் நாற்பது வருடம் மைக் செட் தொழில் செய்த ஒரு பெரியவர். கோயில் நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் வால்வு ஆம்ப்ளிஃபையரை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போன தலைமுறை. மூடியைத் திறந்தவுடன் அவர் சொன்ன முதல் வார்த்தை: “தம்பி, இதுக்குள்ள 300 வோல்ட்டுக்கு மேல ஓடுதுங்க. தொடோணும்னா ஒரு கையைப் பாக்கெட்டுல வச்சுக்கோணும். பிளக்கைப் புடுங்கினாலும் உடனே தொடக்கூடாது.” கப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் அவர் கை வைப்பார். இன்றுவரை நானும் அப்படித்தான்.

முதல் நாள் ரப்பர் உரிந்து போயிருந்த மெயின்ஸ் ஒயரை மாற்றி, எர்த் சரியாகக் கொடுத்தார். அப்புறம் ஜி.இசட். 34-ஐக் கழற்றி வைத்துவிட்டு, 60 வாட் குண்டு பல்பு மாட்டிய சீரிஸ் போர்டு வழியாக மின்சாரம் கொடுத்தார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், செட் தப்பித்துவிடும். பல்பு லேசாகச் சிவந்து மங்கியது. சிறிய வால்வுகளுக்குள் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. “டிரான்ஸ்ஃபார்மர் நல்லாருக்குதுங்க” என்றார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இந்த மாடலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ஆன், ஆஃப் சுவிட்ச் ஆம்ப்ளிஃபையரில் இல்லை, கூடவே விற்ற பிரீஆம்ப்பில், அதாவது வால்யூம் திருகும் முன்பெட்டியில், இருக்கிறது. அதனால் வீட்டு மின்சாரம் எட்டுக் கால் சாக்கெட் ஒன்றின் வழியாகப் பிரீஆம்ப்புக்குப் போய்த் திரும்பி வருகிறது. பிரீஆம்ப் இல்லாவிட்டால் அந்த இரண்டு முனைகளையும் இணைக்கும் ஒரு பிளக் தேவை. இது தெரியாமல் ‘செத்துப்போன செட்’ என்று விற்றவர்களும் உண்டு, திறந்த சாக்கெட்டில் விரல் வைத்து அடி வாங்கியவர்களும் உண்டு. பெரியவர் செத்துப்போன பழைய 6வி6 வால்வு ஒன்றின் கண்ணாடியைப் பக்குவமாக உடைத்தெடுத்து, அதன் அடிப்பாகத்தையே பிளக்காக்கி உள்ளே இணைப்புக் கொடுத்து மேலே மூடியும் ஒட்டிக் கொடுத்தார். ஏழு வருடமாக அதுதான் ஓடுகிறது.

மாற்றியது குறைவு. எலக்ட்ரோலிட்டிக்குகள் எல்லாம் போயின, வயது அப்படி. முன் வால்விலிருந்து இ.எல். 84-க்குச் சிக்னலைக் கடத்தும் பேப்பர் கப்பாசிட்டர்களை மட்டும் நான் வைத்துக்கொள்ளலாம் என்று பிடிவாதம் பிடித்தேன், பழைய ஒலி போய்விடுமே என்று. பெரியவர் பேசவில்லை. மீட்டரின் ஒரு முனையை எர்த்திலும் மறுமுனையை இ.எல். 84-இன் கிரிட்டிலும், அதாவது சிக்னல் உள்ளே நுழையும் காலிலும், வைத்துக் காட்டினார். அங்கே டி.சி. வோல்டேஜ் இருக்கவே கூடாது. 4 வோல்ட் காட்டியது. கப்பாசிட்டர் கசிகிறது, கிரிட் நேர்மின் பக்கம் ஏறுகிறது, வால்வு அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுக்கிறது. விளக்கை அணைத்துப் பார்த்தோம். அந்த வால்வின் சாம்பல் நிறத் தகட்டில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மங்கிய சிவப்பு. பத்து நிமிடம் விட்டிருந்தால் வால்வோடு டிரான்ஸ்ஃபார்மரும் போயிருக்கும். எட்டு வருடம், அறுபது வருடம் என்று எத்தனை காலம் ஆனாலும் கெடாத பொருளும் அதில் இருக்கிறது, கெட்டே தீரும் பொருளும் இருக்கிறது. கெட்டே தீருவதை மாற்றிவிட்டு மற்றதைத் தொடாமல் விடுவதுதான் இந்த வேலை என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

பெரிய கப்பாசிட்டர் போட்டால் பேஸ் கூடும் என்று பலர் சொல்வார்கள். ஜி.இசட். 34-க்கு அடுத்து வரும் முதல் கப்பாசிட்டர் 60 மைக்ரோஃபாரடுக்கு மேல் போகக்கூடாது, வால்வின் தரவுத்தாளிலேயே இருக்கிறது. மீறினால் அடிபடுவது ஜி.இசட். 34. நல்ல பழைய ஜி.இசட். 34 ஒன்றின் விலைக்கு ஒரு மிக்ஸி வாங்கிவிடலாம்.

நம் ஊர் மின்சாரம் இன்னொரு விஷயம். இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் தெருவில் 245 வோல்ட் வரும். 6.3 வோல்ட் இருக்க வேண்டிய ஹீட்டரில் 6.8 இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரின் இணைப்பை இருப்பதிலேயே உயர்ந்த வோல்டேஜ் முனைக்கு மாற்றியதும் 6.4-க்கு இறங்கியது. வால்வு ஆயுசைக் கூட்டும் செலவில்லாத வேலை இது. கரண்ட் போனால் நான் அணைத்துவிடுவேன். சாதாரண ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மர் வண்டு மாதிரி ரீங்காரம் போடுகிறது, கேட்க முடியாது.

ஸ்பீக்கர் விஷயத்தில் முதலில் சறுக்கினேன். இணையத்தில் பார்த்து, 70களில் செய்த அமெரிக்க ஜோடி ஒன்றை வாங்கினேன். ‘அருமையான நிலையில்’ என்றார் விற்றவர். வீட்டில் துணியைக் கழற்றி, பேஸ் கொடுக்கும் பெரிய ஸ்பீக்கரான ஊஃபரைத் தொட்டால், கூம்பைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் ஊறிய வறுக்கி மாதிரி விரலோடு வந்தது. நம் வெக்கையிலும் ஈரத்திலும் அந்தக் கால ஃபோம் நிற்காது. புது வளையம் வரவழைத்து நானே ஒட்டினேன். பழைய பிசினை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து எடுக்கவே இரண்டு சாயங்காலம் ஆனது. நடுவில் இருக்கும் தூசி மூடியை பிளேடால் அறுத்தெடுத்து, அப்பாவின் பழைய எக்ஸ்ரே பிலிமைக் கீற்றுகளாக வெட்டி, கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலுக்கு உள்ளே இருக்கும் இடுக்கில் நான்கு பக்கமும் செருகினேன். காயில் நடுவில் நிற்க வேண்டும், ஒரு தலைமுடி நகர்ந்தாலும் உரசும். முதலில் கூம்பில் ஒட்டி, காய்ந்த பிறகு இரும்புச் சட்டத்தில். மறுநாள் கீற்றுகளை உருவி, 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்லக் கொடுத்துக் காதை வைத்துக் கேட்டேன். ஒன்று சுத்தம். இன்னொன்று கரகர என்றது, மறுபடி பிரித்து ஒட்டினேன்.

அவ்வளவும் செய்தும் அந்த ஜோடி லீக்கோடு சேரவில்லை. நல்ல ஸ்பீக்கர்தான், ஆனால் நிறைய வாட் கேட்கும் ரகம். 10 வாட்டில் மூச்சு வாங்கியது. தம்பி வீட்டு டிரான்சிஸ்டர் செட்டில் இப்போது ஜோராகப் பாடுகிறது. ஆம்ப்ளிஃபையரையும் ஸ்பீக்கரையும் ஒன்றாக வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்து வந்தது செலஸ்டியன் டிட்டன் 15 ஸ்பீக்கர் ஜோடி. 1960களின் இங்கிலாந்துப் பெட்டி. 8 அங்குல ஊஃபர், கீச்சு ஒலிக்கு எச்.எஃப். 1300 ட்வீட்டர். இதே ட்வீட்டர்தான் ஸ்பெண்டார் பி.சி. 1 என்ற இன்னொரு இங்கிலாந்து ஸ்பீக்கரிலும் இருக்கிறது. மூன்றாவதாகத் தெரியும் வட்டம் ஸ்பீக்கரே அல்ல. காந்தமோ காயிலோ இல்லாத வெறும் தட்டு, பெட்டிக்குள் இருக்கும் காற்றால் மட்டும் அசைந்து பேஸ் கொடுப்பது. வாங்கும்போது அந்தத் தட்டை உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். ஊஃபர் வெளியே வந்து அப்படியே நின்றால் பெட்டி காற்றுப்புகாமல் இருக்கிறது. உடனே திரும்பிவிட்டால் எங்கோ கசிவு. வளையம் ரப்பர் என்பதால் ஃபோம் கதை இதில் இல்லை. பேஸை ஊஃபருக்கும் கீச்சை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரின் கப்பாசிட்டர்கள் மட்டும் அளவு ஏறிப் போயிருந்தன. விலை கூடிய ஃபிலிம் வகை போட்டுப் பார்த்தேன், பாடகர் மூச்சில் எல்லாம் ‘ஸ்’ தூக்கலாக வந்தது. திரும்பவும் சாதாரண பைபோலார் எலக்ட்ரோலிட்டிக்கே போட்டதும் அமைதியாயிற்று. அந்த வகையின் சின்ன எதிர்ப்பையும் கணக்கில் வைத்துத்தான் அன்று வடிவமைத்திருப்பார்கள் போல.

ஒலியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதன் குரலைச் சொல்வேன். அந்த அடித்தொண்டைக் கார்வை, ஒரு சுரத்தில் நின்று மெல்லக் கரையும் இடம், அதில் குரலுக்குப் பின்னால் தம்புரா தனியாக நிற்பது தெரிகிறது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் உருண்டையாக வருகிறது. தவில் மட்டும் இந்தக் கூட்டணிக்குக் கொஞ்சம் அதிகம், ஒலியைக் கூட்டினால் திணறும். 12க்கு 11 அறைக்குத் தாராளம். பெரிய ஹாலுக்கு வாங்காதீர்கள்.

ஒரு சின்னத் தொல்லை: இதற்கு 125 மில்லிவோல்ட் கிடைத்தாலே முழு ஒலி. டிஜிட்டல் பாட்டைச் சிக்னலாக மாற்றித் தரும் இன்றைய டி.ஏ.சி. 2 வோல்ட் கொடுக்கும். வால்யூமைத் தொட்டாலே கத்தியது. வழியில் இரண்டு ரெசிஸ்டர் வைத்துக் குறைத்த பிறகுதான் நிம்மதி.

2021 ஆடி மாதம் ஒரு ராத்திரி பட்டென்று சத்தம், கருகிய வாடை. ஃபியூஸ் போயிருந்தது. கவிழ்த்துப் பார்த்தால் வால்வு சாக்கெட்டின் கால்களுக்கு நடுவே ஒரு பல்லி. கீழ்த் தகடு நான் வாங்கும்போதே இல்லை, சூட்டுக்கு ஒண்டியிருக்கிறது. சரியான அளவு ஃபியூஸ் போட்டிருந்ததால் ஒரு ரெசிஸ்டரோடு போயிற்று. மறுநாளே லேத் பட்டறையில் சின்னத் துளைகள் போட்ட அலுமினியத் தகடு வெட்டி மாட்டினேன்.

இ.எல். 84 நான்கையும் ஒருமுறை மாற்றியிருக்கிறேன், ஸ்லோவாக்கியாவில் செய்யும் ஜே.ஜே. வகை. அதற்கு முன் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் அந்தக் காலத்தில் தயாரித்தவை பெரியவரிடமிருந்து கிடைத்தன, மூன்று வருடம் உழைத்தன. இடையில் ஒரு விற்பனையாளரிடம் ‘ஜோடி சேர்த்தது’ என்று வாங்கிய நான்கில் இரண்டு பாதிச் சக்திகூட இல்லாதவை. வால்வு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்டும் காத்தோட் வோல்டேஜை அளந்த பிறகுதான் தெரிந்தது. புது வால்வு போட்டால் அந்த அளவை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

செலவு எல்லாம் சேர்த்து, ஸ்பீக்கர் உட்பட, அறுபதாயிரத்தைத் தாண்டியது. எரியும்போது நூறு வாட்டுக்கு ஒட்டி இழுக்கிறது. சித்திரை வெயிலில் மத்தியானம் போடுவதில்லை, ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான்.

இன்னும் பாக்கி இருப்பது வலது ஸ்பீக்கரின் முன்துணி, ஒரு மூலையில் கிழிந்திருக்கிறது. அதே நெசவில் துணி கிடைக்குமா என்று சோமனூரில் ஒரு தறிக்காரரிடம் மாதிரி கொடுத்திருக்கிறேன்.