ராத்திரி பிஎச் இறக்கம்: சுண்ணாம்பு நீரா, ஸ்க்ரப்பரா, பாசித் தொட்டியா?

வீட்டில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு பிஎச் (நீரின் அமில-காரத் தன்மையின் அளவு) வரைபடத்தில் இது பழகிப்போன கோடுதான். விளக்கு அணைந்ததும் பிஎச் சரியத் தொடங்கும், மறுநாள் விளக்கு எரியச் சற்று முன்பு அடிமட்டத்துக்குப் போகும், மாலையில் மறுபடி உச்சிக்கு ஏறும். வெளிச்சம் இல்லாத நேரத்தில் ஒளிச்சேர்க்கை நின்றுவிடுகிறது, மூச்சு விடுவது மட்டும் நிற்பதில்லை. அதனால் கார்பன் டை ஆக்சைடு நீரில் சேர்ந்து பிஎச்சைத் தாழ்த்துகிறது, அவ்வளவுதான். 0.2 வரை ஏறி இறங்கினால் நான் கண்டுகொள்ள மாட்டேன். என் தொட்டி காலையில் 7.7, மாலையில் 8.2 என்று ஆடிக்கொண்டிருந்தது. அதைக் குறைக்கப் பாசித் தொட்டி, ஸ்க்ரப்பர் (காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் கருவி), சுண்ணாம்பு நீர் (கால்சியம் ஹைட்ராக்சைடு கரைந்த நீர்) மூன்றையும் வைத்துப் பார்த்து, கடைசியில் இரவில் சுண்ணாம்பு நீர் சொட்டவிடுவதில் நிலைத்துவிட்டேன். மற்ற இரண்டும் வேலை செய்யாமல் இல்லை. எது நம்மிடம் எவ்வளவு வேலை வாங்குகிறது, அந்த வேலைக்குப் பதிலாகத் தொட்டிக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தபோதுதான் முடிவு தெளிவானது.

எதையும் வாங்கும் முன் இரண்டு சோதனைகள். முதலில் பிஎச் புரோபை, அதாவது அளக்கும் முனையை, பிஎச் 7, 10 என்று தெரிந்த இரண்டு கரைசல்களிலும் வைத்துச் சரிபாருங்கள். பழைய புரோப் மெல்ல நகர்ந்துவிடும், இல்லாத நோய்க்கு மருந்து தேட வைத்துவிடும். அடுத்து, தொட்டி நீரை ஒரு குவளையில் எடுத்து, வீட்டுக்கு வெளியே வைத்து, ஏர் பம்பால் ஒரு மணி நேரம் குமிழி விடுங்கள். பிஎச் நன்றாக ஏறினால் நீரில் கார்பன் டை ஆக்சைடு மிகுதி என்று பொருள். இன்னொரு குவளையை அறைக்குள்ளேயே வைத்து இதையே செய்யுங்கள். அங்கே ஏறவில்லை என்றால் குற்றவாளி அறையின் காற்று. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு). ஆட்கள் இருக்கிற மூடிய அறையில் 1000-ஐத் தாண்டுவது சாதாரணம். ஆல்கலினிட்டியையும், அதாவது அமிலத்தைத் தாங்கி நிற்கும் நீரின் திறனையும், கையோடு பார்த்துவிடுங்கள். அது 7 டிகேஎச்சுக்குக் (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு) கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

பாட்டிலில் வரும் பிஎச் ஏற்றும் பொடிகளை ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. பிஎச் கொஞ்ச நேரம் ஏறும், பிறகு இறங்கிவிடும். ஆல்கலினிட்டி மட்டும் தேவையில்லாமல் ஏறி நிற்கும். ஸ்கிம்மரின் (காற்றுக் குமிழியால் நீரின் அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி) காற்றுக் குழாயை ஜன்னல் வழியே வெளியே கொண்டுபோவது நல்ல யோசனை, செலவும் இல்லை. தொட்டி ஜன்னலுக்கு அருகில் இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள். குழாய் நீள நீள ஸ்கிம்மர் இழுக்கும் காற்று குறையும். வெளியே பூச்சி மருந்து அடித்தால் அதுவும் உள்ளே வந்துவிடும், அதை மட்டும் கவனியுங்கள்.

பாசித் தொட்டி, அதாவது சம்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டி) கீட்டோ என்ற பாசி வளர்த்து, மேலே விளக்கு அணையும்போது அங்கே எரியவிடுவது. இரவில் சேரும் கார்பன் டை ஆக்சைடைப் பாசி எடுத்துக்கொள்ளும், கூடவே நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் குறையும். எனக்கு மனதுக்குப் பிடித்த வழி இதுதான். ஆனால் நான் வைத்திருந்தது சின்ன சம்பில். அதில் கிடைத்த மாற்றம் கொஞ்சம்தான். பெரிய சம்பில், அடர்த்தியான பாசியோடு எவ்வளவு கிடைக்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்வது சரியாக இருக்காது. நைட்ரேட் ஏற்கெனவே பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் தொட்டியில் பாசியும் வளராது, பவளங்களும் வெளிறும். அங்கே இது வேண்டாம்.

ஸ்க்ரப்பரும் சுண்ணாம்பு நீரும்தான் உண்மையான போட்டி. இரண்டிலும் வேலை செய்வது ஒரே பொருள், கால்சியம் ஹைட்ராக்சைடு. ஸ்க்ரப்பரில் போடும் சோடா லைம் குருணையில் பெரும்பகுதி அதுதான். ஸ்கிம்மருக்குப் போகும் காற்று அந்தக் குருணை வழியாகப் போகும்போது கார்பன் டை ஆக்சைடு பிடிபட்டுவிடும். மாற்றம் வேகமாகத் தெரியும், மாட்டிய அன்றே கோடு மேலே ஏறும். ஆனால் கோடு முழுவதும் ஏறுகிறது, பகலிலும்தான். 7.7 முதல் 8.2 வரை ஆடியது 7.9 முதல் 8.4 வரை ஆடும். ஆட்டம் குறைய வேண்டும் என்றால் இரவில் மட்டும் ஸ்க்ரப்பர் வழியே காற்று போகும்படி ஒரு வால்வு வைக்க வேண்டும்.

அப்புறம் பராமரிப்பு. வெள்ளைக் குருணை காற்று நுழையும் பக்கத்திலிருந்து ஊதாவாக மாறிக்கொண்டே வரும். முழுதும் மாறியதும் கொட்டிவிட்டுப் புதிது போட வேண்டும். மாற்றாமல் சில நாள் ஓய்ந்து கிடந்தால், தீர்ந்துபோன குருணையிலேயே நிறம் மறுபடி வெளுத்து, இன்னும் நன்றாக இருப்பதுபோலக் காட்டும். அதை நம்பக் கூடாது. ஸ்கிம்மர் கோப்பையிலிருந்து வெளியேறும் காற்றையே திரும்ப ஸ்க்ரப்பருக்கு அனுப்பினால் குருணை அதிக நாள் வரும். ஆனால் நுரை பொங்கும் நாளில் ஈரம் உள்ளே போய்க் குருணை கட்டிப்போகும். எனக்கு உறுத்தியது வேறொன்று. புதுக் குருணை போட்டதும் பிஎச் துள்ளும், தீரத் தீர மெல்ல இறங்கும், மாற்றியதும் மறுபடி துள்ளும். தினசரி ஆட்டத்தைக் குறைக்கப் போய், சில வாரங்களுக்கு ஒருமுறை வரும் இன்னொரு ஆட்டத்தைக் கொண்டுவந்த மாதிரி ஆகிவிட்டது. செலவழிந்த கால்சியம் ஹைட்ராக்சைடு கடைசியில் சுண்ணக்கட்டியாகக் குப்பைக்குத்தான் போகிறது. பவளத்துக்கு அதில் ஒரு துளியும் சேரவில்லை.

சுண்ணாம்பு நீரில் அதே பொருள் தொட்டிக்குள்ளேயே போகிறது. ஹைட்ராக்சைடு நீரில் உள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து பைகார்பனேட்டாக மாற்றுகிறது. அதாவது பிஎச்சைத் தாழ்த்திய வாயுவே ஆல்கலினிட்டியாகத் திரும்புகிறது, கூடவே கால்சியமும் கிடைக்கிறது. எலும்புக்கூடு கட்டப் பவளம் இரண்டையும் எந்த விகிதத்தில் எடுக்கிறதோ, அதே விகிதத்தில்: 2.8 டிகேஎச்சுக்கு 20 பிபிஎம் கால்சியம். எனவே நான் செய்யும் பராமரிப்பு பிஎச்சுக்காகத் தனி வேலை இல்லை. எப்படியும் கொடுக்க வேண்டிய கால்சியம், ஆல்கலினிட்டியைக் கொடுக்கும் வேலையிலேயே பிஎச்சும் சரியாகிறது. இந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

செய்முறை எளிது. ஆர்ஓடிஐ நீரில் (உப்புகளை நீக்கிச் சுத்திகரித்த நீர்) லிட்டருக்கு 2 கிராம் சமையல் தர கால்சியம் ஹைட்ராக்சைடு போட்டுக் கலக்கி மூடிவைத்தால், கரைந்தது போக மிச்சம் அடியில் படியும். பொடியில் இருக்கும் அசுத்தங்களும் பெரும்பாலும் அந்தப் படிவிலேயே தங்கும். அதனால் டோசிங் பம்பின் (சிறிது சிறிதாக அளந்து விடும் பம்ப்) குழாய் முனை படிவுக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும், தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். மூடியைத் திறந்தே வைத்தால் நீர்ப்பரப்பில் கண்ணாடிச் சில்லு போல மெல்லிய வெள்ளை ஏடு படரும். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு அதன் வீரியத்தைத் தின்கிறது என்பதற்கு அது அடையாளம். சம்பில் நீரோட்டம் அதிகமுள்ள இடத்தில், பிஎச் புரோபுக்குத் தள்ளிச் சொட்டவிடுங்கள். பக்கத்தில் விட்டால் புரோப் பொய் சொல்லும். சொட்டும் முனையில் வெள்ளைக் கல் கட்டும், வாரம் ஒருமுறை வினிகரில் ஊறவைத்தால் போதும். பம்பின் உள்குழாயையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். இவ்வளவுதான் வேலை.

ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். இந்த நீரின் பிஎச் 12-க்கு மேல். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்பும் இல்லாமல் கலக்காதீர்கள். பம்ப் நிற்காமல் ஓடினால் தொட்டி பால்போல் வெளுத்து, உள்ளே இருப்பதெல்லாம் போய்விடக்கூடும். ஸ்க்ரப்பரில் இப்படி ஒரு பயமே இல்லை, அந்த விஷயத்தில் அது தெளிவாக மேல். நான் இதைக் கலனின் அளவால் சமாளிக்கிறேன்: பம்ப் எடுக்கும் கலனில் ஒரு இரவுக்கு உரியது மட்டும் இருக்கும். 200 லிட்டர் தொட்டிக்கு 1 லிட்டர் தெளிந்த சுண்ணாம்பு நீர் சுமார் 0.5 டிகேஎச் ஏற்றும். அது மொத்தமும் ஒரே நேரத்தில் கொட்டினால் பிஎச் துள்ளும்தான், ஆனால் தொட்டி தாங்கிவிடும். தானாக நீர் நிரப்பும் மிதவையோடு பெரிய டிரம்மில் சுண்ணாம்பு நீரை இணைப்பதை நான் செய்யமாட்டேன், மிதவை ஒருமுறை சிக்கினால் போதும்.

இந்த வழிக்கு ஒரு வரம்பும் உண்டு. பவளங்கள் தினமும் எவ்வளவு ஆல்கலினிட்டியை எடுக்கின்றனவோ அதற்கு மேல் கொடுக்க முடியாது, ஆவியாகும் நீரின் அளவுக்கு மேலும் ஊற்ற முடியாது. கல் பவளங்கள் குறைவாக உள்ள புதுத் தொட்டி, மென்பவளம் மட்டும் உள்ள தொட்டி ஆகியவற்றுக்கு இது பெரிதாக உதவாது. அங்கே வெளிக்காற்றுக் குழாய், அதற்கு வசதியில்லை என்றால் ஸ்க்ரப்பர். கல் பவளம் நிறைந்து, தினமும் 0.5 டிகேஎச்சுக்கு மேல் குறையும் தொட்டியில் சுண்ணாம்பு நீரில் தொடங்குங்கள். முதல் வாரம் தேவையில் பாதி அளவு மட்டும் கொடுத்து, தினமும் ஒரே நேரத்தில் ஆல்கலினிட்டியை அளந்து, பிறகு கூட்டுங்கள். மெக்னீசியம் இதில் வராது, அதை மாதம் ஒருமுறை தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.