ஓப்பன்ராக்கெட்: தராசு வைத்திருப்பவருக்கான மென்பொருள்

பெருந்திறன் ராக்கெட்டுகளைப் பொழுதுபோக்காகக் கட்டுவோரிடையே பரவலாகப் புழங்கும் வடிவமைப்பு மென்பொருள் ஓப்பன்ராக்கெட். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவரான சாம்போ நிஸ்கானென் 2009இல் தம் முதுகலை ஆய்வேட்டுக்காக உருவாக்கிய இது, கட்டற்ற உரிமத்தில் வெளியாகி, பிறகு தன்னார்வலர்கள் பலரின் கைக்கு வந்து, 15.03, 22.02, 23.09, 24.12 என்று ஆண்டையும் மாதத்தையும் எண்ணாகக் கொண்ட பதிப்புகளாக வளர்ந்திருக்கிறது. விலை எதுவும் இல்லை. காசு கொடுத்து வாங்க வேண்டிய ராக்சிம் மென்பொருளின் கோப்புகளையும் இது திறந்துவிடும்.

இதைத் திறந்தவுடன் எல்லாரும் தேடுவது, ராக்கெட் எவ்வளவு உயரம் போகும் என்ற எண்ணைத்தான். என் கணிப்பில், இம்மென்பொருள் தரும் எண்களில் மிகக் குறைவாக நம்பத்தக்கதும் மிகக் குறைவாகப் பயன்படுவதும் அதுவே. நிலைப்பு அளவு (ராக்கெட் தடுமாறாமல் நேராகப் பறக்குமா என்பதைக் காட்டும் எண்), ஏவுதடத்தை (புறப்படும்போது ராக்கெட் பிடித்துக்கொண்டு ஏறும் தண்டை) விட்டு நீங்கும் வேகம் ஆகிய இரண்டுக்காகத்தான் இதைக் கணினியில் வைத்திருக்க வேண்டும். அந்த இரண்டும் சரியாக வர வேண்டுமானால் பக்கத்தில் ஒரு தராசும் வேண்டும்.

நான் இதைப் பயன்படுத்தும் சூழலையும் சொல்லிவிட வேண்டும். மோட்டாரின் மொத்தத் தாக்கம், அதாவது உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கிய அளவு, 160 நியூட்டன் விநாடியைத் தாண்டினால் அது பெருந்திறன் வகையில் சேரும். 320 வரை எச், 640 வரை ஐ என்று ஒவ்வோர் எழுத்துக்கும் உச்ச அளவு இரட்டிக்கும். இத்தகைய மோட்டார்களை எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் மட்டுமன்று, மலேசியாவில் எந்தப் பொழுதுபோக்குக் கடையிலும் போய் வாங்கிவர முடியாது. உந்துபொருளை இறக்குமதி செய்வதும் வைத்திருப்பதும் 1957ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆகவே ராக்கெட்டின் உடலை நான் இங்கே கட்டுகிறேன். ஆஸ்திரேலியாவில் பொறியியல் படிக்கும் அண்ணன் மகன், விடுமுறைக்கு வந்து திரும்பும்போது அதைப் பகுதி பகுதியாகப் பெட்டியில் எடுத்துச் சென்று, உரிய அனுமதி பெற்ற களத்தில் அங்குள்ள மன்றத்தாரின் மேற்பார்வையில் பெருந்திறன் ராக்கெட்டுக்கான முதல் நிலைச் சான்றிதழுக்காகப் பறக்கவிடுகிறான். கட்டுபவர் ஓர் ஊரிலும் பறக்கவிடுபவர் வேறு நாட்டிலும் இருக்கும்போது, ஒரே வடிவமைப்புக் கோப்பினை இருவரும் திறந்து பார்க்க முடிவது பெரிய வசதி.

நிறுவுவதில் சிக்கல் இல்லை. பழைய பதிப்புகளுக்கு ஜாவாவைத் தனியே தேடி நிறுவ வேண்டியிருந்தது; இப்போது நிறுவியுடன் அதுவும் சேர்ந்தே வருகிறது. மூக்குக்கூம்பு, உடற்குழாய், துடுப்புகள், உட்குழாய், மையப்படுத்தும் வளையங்கள், வான்குடை என்று பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க, ராக்கெட்டின் படம் திரையில் உருவாகிக்கொண்டே வரும். ஈர்ப்பு மையம் நீலமும் வெள்ளையுமான வட்டமாகவும், காற்றின் விசை மொத்தமாகத் தாக்கும் இடமான அழுத்த மையம் சிவப்புப் புள்ளியாகவும் தெரியும். இடைமுகம் தமிழில் இல்லை.

இனித்தான் தராசின் வேலை. ஒவ்வொரு பாகத்தின் எடையையும் மென்பொருள், நாம் தரும் அளவையும் தேர்ந்தெடுக்கும் பொருளின் அடர்த்தியையும் கொண்டு கணக்கிடுகிறது. பட்டியலில் இருப்பது பர்ச் மர ஒட்டுப்பலகை; நம் ஊர்ப் பலகைக்கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் மெராந்தி. அடி நீளம் 20, நுனி நீளம் 10, உயரம் 12 சென்டிமீட்டரும் 5 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட துடுப்பு ஒன்றுக்கு மென்பொருள் 57 கிராம் என்று காட்ட, நாங்கள் அறுத்துத் தேய்த்த துடுப்பு சமையலறைத் தராசில் 51 கிராம்தான் இருந்தது. இது சிறு வேறுபாடு. பெரிய வேறுபாடு பசையில் ஒளிந்திருக்கிறது. துடுப்பு குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே போய் மோட்டார்க் குழாயில் ஒட்டும்படி கட்டும்போது, வெளியிலும் உள்ளேயும் மூலைகள்தோறும் எப்பாக்ஸியை வழித்துவிடுகிறோம். மூன்று துடுப்புகளுக்கும் சேர்த்து 90 கிராம் எப்பாக்ஸி போவது பெரிய காரியமன்று. அந்த எடை முழுவதும் வாலில் போய் உட்காருகிறது. ஏறக்குறைய 2.8 கிலோ எடையுள்ள ராக்கெட்டில், ஈர்ப்பு மையத்துக்கு அரை மீட்டர் பின்னால் 90 கிராம் சேர்ந்தால், மையம் ஒன்றரை சென்டிமீட்டர் பின்வாங்கும். புதிய பதிப்புகளில் துடுப்பு மூலையின் பசைக்கு என்றே ஒரு கட்டம் உண்டு. அதில் வெளிப்புற வளைவை மட்டுமே குறிக்கலாம், உள்ளே ஊற்றியது அதற்குத் தெரியாது.

இதற்கு மென்பொருளிலேயே வழி இருக்கிறது. எந்தப் பாகத்தின் எடையையும் ஈர்ப்பு மையத்தையும் நாமே அளந்து, கணக்கிட்ட மதிப்பின்மேல் எழுதிவிடலாம். தனிப் பாகத்துக்கு மட்டுமன்றி, ஒட்டி முடித்த வால் பகுதி முழுவதற்கும் ஒரே எடையை இட முடியும் என்பதால், பசை காய்ந்ததும் ஒருமுறை, வண்ணம் அடித்ததும் ஒருமுறை நிறுத்துப் பார்த்து எழுதிக்கொள்வதே முறை. முடிந்த ராக்கெட்டைக் கயிற்றில் சமமாகத் தொங்கவிட்டு, ஈர்ப்பு மையம் திரையில் காட்டும் இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த எண்ணை நம்ப வேண்டும்.

அடுத்த எண் நிலைப்பு அளவு. ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்கு முன்னால், குறைந்தது உடற்குழாயின் ஒரு விட்ட அளவாவது தள்ளி இருக்க வேண்டும் என்பது பழைய விதி. அழுத்த மையத்தைக் கணக்கிடும் முறையை ஜேம்ஸ் பாரோமன் 1966இல் வெளியிட்டார். ஓப்பன்ராக்கெட் அதை விரிவுபடுத்திப் பயன்படுத்துகிறது. மோட்டாரைத் தேர்ந்தெடுக்காமல் இந்த அளவைப் படிப்பதில் பொருளே இல்லை. வெற்றுக் குழாயில் இரண்டரை விட்டம் என்று காட்டும் ராக்கெட், வாலில் மோட்டார் ஏறியதும் ஒன்றரைக்கு இறங்கிவிடலாம். 0.3 மாக் (ஒலியின் வேகத்தில் பத்தில் மூன்று பங்கு) வேகத்துக்கான கணக்கு இது என்பதைத் திரையின் மூலையில் சிறிய எழுத்தில் போட்டிருப்பதும் கவனிக்கத்தக்கது.

ஏவுதடத்தை விட்டு நீங்கும் வேகத்தை மென்பொருள் அட்டவணையில் தனி நெடுவரிசையில் காட்டுகிறது. துடுப்புகள் காற்றைப் பிடித்து ராக்கெட்டை நேராக வைத்திருக்கத் தொடங்குவதற்கு, அது தடத்திலிருந்து விடுபடும்போதே விநாடிக்கு 13 முதல் 15 மீட்டர் வேகமாவது வேண்டும். மென்பொருளை அப்படியே விட்டால் ஏவுகம்பியின் நீளத்தை ஒரு மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். இது சிறு மாதிரி ராக்கெட்டுக்கான அளவு. ஐ211 என்று பெயரிட்ட மோட்டாரின் சராசரி உந்துவிசை 211 நியூட்டன். அதை 2.8 கிலோ ராக்கெட்டில் பொருத்திக் கையாலேயே கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு மீட்டர் கம்பியில் வேகம் 11.4தான் வரும், 1.8 மீட்டர் தடத்தில் 15.4 ஆகிவிடும். அதே தடத்தில் எச்128 மோட்டாரைப் போட்டால் மறுபடியும் 11.4. சராசரி உந்துவிசை ராக்கெட்டின் கனத்தைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்ற விதிப்படி இந்த ராக்கெட்டுக்கு 137 நியூட்டன் தேவை. எச்128 அங்கேயே தவறிவிடுகிறது. அண்ணன் மகன் சிறிய மோட்டாரில் சிக்கனமாக முடித்துவிடலாம் என்று எண்ணியிருந்தான். இந்த ஒரு நெடுவரிசை அவன் எண்ணத்தை மாற்றியது.

களத்தின் நிலவரத்தைக் கேட்கும் பக்கத்தை நம்மவர்கள் தாண்டிப் போகக் கூடாது. சர்வதேசத் திட்ட வளிமண்டலம் என்ற குறியை நீக்காவிட்டால், கடல் மட்டத்தில் 15 பாகை வெப்பம் என்று மென்பொருள் கருதிக்கொள்ளும். சுங்கை சிப்புட்டில் பிற்பகலில் 32 பாகை என்பது இயல்பு. அந்த வெப்பத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தாறு விழுக்காடு குறைந்து, காற்றின் தடையும் குறையும். இங்கே இருந்துகொண்டு அங்கே நடக்கும் குளிர்காலப் பறப்பைக் கணக்கிடுகிற எனக்கு இந்தப் பக்கம் மிகவும் உதவியது. ஆனாலும் உயரத்தைப் பொறுத்தவரை, பத்து விழுக்காடு கூடியோ குறைந்தோ போனால் வியப்படைய வேண்டாம். வண்ணப்பூச்சின் வழவழப்பு, துடுப்பின் ஓரத்தை வட்டமாகத் தேய்த்தோமா சதுரமாக விட்டோமா என்பது உட்பட எல்லாமே அந்த எண்ணை ஆட்டிவிடும்.

வான்குடையின் கணக்கு தெளிவாக இருக்கிறது. எந்த உயரத்தில் விரிய வேண்டும் என்று குறித்தால் தரை தொடும் வேகம் கிடைக்கும். விநாடிக்கு ஐந்தாறு மீட்டர் வந்தால் போதும். விரியும் நேரத்தில் ராக்கெட் அதிவேகத்தில் இருந்தால் எச்சரிக்கையும் வரும். அதை ஒருபோதும் புறக்கணிக்கலாகாது. 600 மீட்டர் உயரத்தில் விரிந்து விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறங்கும் ராக்கெட், 3 மீட்டர் காற்றில் 300 மீட்டர் தள்ளிப் போய் விழும். நம் தோட்டத்துத் திடலில் இது நேர்ந்தால், வான்குடை செம்பனை மட்டைகளுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். களத்தின் குறுகிய பக்கம்கூட 1,500 அடிக்குக் குறையக் கூடாது என்று அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் சொல்வதை, தோட்டத் திடலில் பறக்கவிடலாமே என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

துடுப்புகளுக்கும் வளையங்களுக்கும் உரிய வார்ப்புருக்களை முழு அளவில் அச்சிட்டுத் தருவது இம்மென்பொருளின் அருமையான பகுதி. நகலகத்தில் கொடுக்கும்போது, தாளுக்கு ஏற்பச் சுருக்க வேண்டாம் என்று சொல்லி அச்சிட்டு, அடிகோலால் ஒருமுறை அளந்த பிறகே பலகையில் ஒட்ட வேண்டும். மரத்தின் இழை துடுப்பின் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும் என்பதை வார்ப்புரு சொல்லாது. வேகத்தில் துடுப்பு படபடத்து முறியுமா என்பதையும் மென்பொருள் கணக்கிடுவதில்லை. அதன் பார்வையில் எல்லாத் துடுப்பும் வளையாத கல். மழைக்காலத்தில் அட்டைக்குழாய் ஈரம் குடித்து உப்பி மூக்குக்கூம்பு இறுகிப்போவதும், வான்குடையை வெளியே தள்ளக் கருமருந்து எத்தனை கிராம் வேண்டும் என்பதும் அதன் எல்லைக்கு வெளியே உள்ளவை. பின்னதைக் களத்தில் அனுபவம் உள்ளவர் முன்னிலையில் தரையிலேயே சோதித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தமிழ்ப்பள்ளி அறிவியல் மன்றங்களின் நீர் ராக்கெட்டுகளுக்கு இது நேரடியாக உதவாததுதான் எனக்குள்ள ஒரே மனக்குறை. புட்டியிலிருந்து நீர் பீறிடும் உந்துதலைக் கணக்கிட இதில் வழி இல்லை. ஆயினும் புட்டியின் வடிவத்தையும் துடுப்புகளையும் வரைந்து, நிறுத்த எடைகளை இட்டு, நிலைப்பு அளவை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். துடுப்பைப் பெரிதாக்குவதா, மூக்கில் களிமண் வைப்பதா என்று மாணவர்கள் திரையிலேயே பார்த்து முடிவு செய்ய அது போதும். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். புதிதாகத் தொடங்குவோர் 24.12 பதிப்பையே நிறுவிக்கொண்டு, முதல் மாதிரிப் பறப்பை ஓட்டும் முன் வளிமண்டலக் குறியை நீக்கிவிட்டு, ஏவுதடத்தின் உண்மையான நீளத்தை இட்டு வைக்கவும்.